மதகுவரைதான் அக்கா ஓட்டினாள்

மதகு வந்ததும் கார் நின்றுவிடும்.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும். வலப்பக்கமிருந்து அக்கா இறங்குவாள். இடப்பக்கமிருந்து அப்பா இறங்குவார். இருவரும் காரின் முன்புறமாகச் சுற்றி நடப்பார்கள். பானெட்டுக்கு எதிரில் ஒருவரையொருவர் கடக்கும்போது அக்கா தாவணியைச் சரிசெய்துகொள்வாள். அப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிடுவார். கதவுகள் மறுபடி சாத்தப்படும்போது ஸ்டியரிங்கின் பின்னால் அப்பா இருப்பார். அக்கா, கார் ஓட்டவே தெரியாதவளைப்போல, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் பின்சீட்டில். அது இரண்டே கதவுள்ள கார். முன்சீட்டை யாராவது மடக்கினால்தான் பின்னால் இருப்பவன் இறங்க முடியும். மதகில் எனக்காக யாரும் சீட்டை மடக்கியதில்லை. அதனால் அந்த இடமாற்றத்தை எப்போதும் ஒரே கோணத்தில், கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாததை எழுதுவதில்லை என்று இந்தத் தொடரைத் தொடங்கும்போதே சொல்லியிருந்தேன். ஏரி அடியோடு வற்றிய கோடை என்பது மட்டும் நிச்சயம். வெடித்துக் காய்ந்த அந்த ஏரித்தரையில்தான் அப்பா அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வெயில் தாழ்ந்ததும் மூவரும் போவோம். கருவேலஞ்செடிகளுக்கு நடுவே அக்கா எட்டுப் போடுவாள். அப்பா இடது சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயத்தில் அல்ல.

"கியர் மாத்தறது உக்காந்துகினு இருக்கறவனுக்குத் தெரியவே கூடாது. நான் கண்ண மூடிகினு கீறன். தெரிஞ்சா சொல்றேன்" என்பார்.

முதலில் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடை முடிவதற்குள் சொல்வது நின்றுவிட்டது. ஒருநாள் தூங்கியே போனார்.

ஏரி மதகுக்கு இந்தப் பக்கம் ஊர் தொடங்கிவிடும். அக்கா அங்கே வந்ததும் தானே பிரேக்கை மிதிப்பாள். ஒரே ஒரு தடவை, நிறுத்திவிட்டு, இறங்காமல் கேட்டாள்.

"ஒரு வாட்டி நம்ம தெரு வரைக்கும் ஓட்டறேம்பா."

"ஓட்டலாம், ஓட்டலாம். ஒரு நாளைக்கு ஓட்டலாம்."

"இன்னிக்கு இன்னா?"

"நாலு பேரு பாப்பாங்கம்மா. ஆவணியில உன்னப் பாக்க காஞ்சிபுரத்துலேர்ந்து வராங்க. எழுந்திரு."

அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல இருந்தது. அக்கா எழுந்துகொண்டாள்.

டாக்டர் வண்டி

என் மருந்துக்கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அப்பா ஆரணிப் பட்டு வியாபாரி, வீட்டிலேயே தறி. பிள்ளை ஏன் மருந்துக்கடைக்குப் போனீர்கள்?"

அதற்கும் இந்தக் கார்தான் காரணம் என்று சில நேரம் தோன்றும். ஹெரால்ட் என்ற பழைய மாதிரி. அப்பா அதை வேலூரில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். டாக்டர் போய்விட்டாலும் அவர் வாசனை காரிலேயே தங்கிவிட்டது. டிஞ்சர், பஞ்சு, ரெக்சின் மூன்றும் கலந்த வாசனை. வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும். முதன்முதலாக ஒரு மருந்துக்கடைக்குள் வேலைக்கு நுழைந்தபோது எனக்குப் புது இடமாகவே தெரியவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

தெருவிலும் அதற்கு "டாக்டர் வண்டி" என்றுதான் பெயர். தேவிகாபுரம் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருமுறை ஒரு பெரியவர் கையை நீட்டிக் காரை நிறுத்தினார். ஜன்னலருகே வந்து, ஒன்றும் பேசாமல் நாக்கை நீட்டினார். அப்பா எட்டிப் பார்த்தார்.

"நல்லாதான் கீது. போங்க" என்றார்.

பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா தேவிகாபுரம் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் இறங்கும்போதும் அப்பாவைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

அந்தக் காரின் பானெட் மற்றக் கார்களைப்போல மேலே தூக்கித் திறப்பது அல்ல. மட்கார்டு, விளக்குகள் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் முழுதும் வெளியே தெரியும். அப்பா முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்துகொண்டு, தறியில் உட்கார்ந்தவர்போல, அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். நிறம் சாம்பல். ஆனால் பட்டுக்காரரிடம் சாம்பல் என்று ஒரு நிறம் கிடையாது. "புறாக்கழுத்து" என்பார். வெயில் சாயும்போது பார்த்தால் அவர் சொன்னது சரி என்றே தோன்றும்.

ஆவணியில் காஞ்சிபுரத்துக்காரர்கள் வந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம். அக்காவையும் அத்தானையும் காஞ்சிபுரம் கொண்டுபோய் விட்டதும் இதே கார்தான். அப்பா ஓட்டினார். முன்சீட்டு எனக்கு. பின்னால் ஏற அக்கா வந்தபோது, சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அவள் ஏறுமுன் ஸ்டியரிங்கை ஒருமுறை பார்த்தாள். பட்டுப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலில் ஈரச்சாக்கு

வயதான பிறகு அப்பாவுக்குக் கண் மங்கியது. "எதிர்ல வர்றது மாடா லாரியான்னு கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது" என்று அவரே சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். விற்கச் சொன்னோம். கேட்கவில்லை. தறிக்கூடத்திலிருந்த தறிகளில் ஒன்றைப் பங்காளி வீட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் காரை நிறுத்தினார்.

எங்கள் வீட்டிலேயே நல்ல இடம் அதுதான்.

காய்ந்த காற்றில் பட்டிழை சட்டென்று அறுந்துவிடும். அதனால் தறிக்கூடத்தில் வெயில் நுழைய விடமாட்டார்கள். மண்தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார்கள். சித்திரையிலும் உள்ளே நுழைந்தால் கால் சில்லென்று இருக்கும். அப்பா காருக்கும் அதையேதான் செய்தார். தினமும் காலையில் சுற்றிலும் தண்ணீர் தெளித்தார். சாக்கை நனைத்துப் போட்டார். மேலே அம்மாவின் பழைய நூல்புடவைகளைப் போர்த்தினார். பட்டுக்கு எது நல்லதோ அது எல்லாவற்றுக்கும் நல்லது.

தெருவில் ஒருவரும் தவறென்று சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெய்கிறவர்கள்தான். புடவைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு கீது. நல்லா வெச்சிருக்கீங்க" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். என் கடையில் பாட்டிலுக்குப் பாட்டில் "உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் குளிர்ச்சி என்றாலே ஈரம்தான்.

அப்பா போன பிறகு அம்மா தெளித்தாள். அம்மாவும் போன பிறகு கூடத்தைப் பூட்டிவிட்டோம்.

எலும்பு இல்லாத வண்டி

இந்த ஐப்பசி மழையில் கூடத்தின் பின்சுவர் சாய்ந்தது. கொத்தனார் பார்த்துவிட்டு, முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் வரைதான் நிற்கும், இடிப்பதுதான் நல்லது என்றார். இடிக்க வேண்டுமானால் கார் வெளியே வந்தாக வேண்டும்.

கரீம் பாயைக் கூப்பிட்டேன். பழைய ஜீப் ஒன்றைப் புதிதாக்கிய மெக்கானிக் அவர். அதை வீடியோவாகப் போட்டதிலிருந்து எதைச் சொன்னாலும் எதிரே கேமரா இருப்பதுபோலத்தான் சொல்வார்.

புடவைகளை ஒவ்வொன்றாக உரித்தோம். கடைசிப் புடவை காரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது துரு அதில் பூப்பூவாகப் பதிந்து வந்தது. கீழே புறாக்கழுத்து இல்லை. செம்மண் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். டாக்டர் வாசனை போயிருந்தது. மழைக்காலக் கிணற்றடி வாசனை.

பாய் ஸ்க்ரூ டிரைவரை அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தினார். அது அப்பளத்தில் போவதுபோல உள்ளே போயிற்று.

"சார், பேஜாராதான் கீது" என்றார். "ஆனா பண்ணிடலாம்! சேஸிஸ் வேற போடணும். தளம் வேற. கதவு ரெண்டும் வேற. சீட்டு, ஒயரிங் எல்லாம் வேற. பானெட் தேறிடும். எஞ்சினு தேறிடும். முடிஞ்சதும் பாருங்க, ஷோரூம்லேர்ந்து வந்தாப்பல நிக்கும்!"

"எல்லாம் வேற போட்டா, அப்புறம் அது எங்க வண்டியா பாய்?"

"நம்பர் பிளேட் உங்களுதுதானே சார்!"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். வேலூரில் ஒருவர் இதே மாதிரிக் காரை வைத்திருக்கிறார். அடிப்பாகம் திடமாக இருக்கிறது. எஞ்சினும் பானெட்டும் இல்லை. "அவரு வண்டிக்கு உசுரு இல்ல. நம்ம வண்டிக்கு எலும்பு இல்ல. கொடுத்தா அது எழுந்து ஓடும். யோசிச்சு சொல்லுங்க."

நான் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நாளானாலும் மீட்டுவிட வேண்டும். அக்காவை வரவழைத்து, மதகில் உட்காரவைத்து, தெருவுக்குள் ஓட்டிவரச் சொல்ல வேண்டும். அப்பா சொன்ன அந்த ஒரு நாள், பிறகு வரவே இல்லை. அக்கா அறுபதைத் தாண்டிவிட்டாள். காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டில் கார் உண்டு, டிரைவர் உண்டு. ஓட்டட்டுமா என்று மகனிடம் ஒரு தடவை கேட்டாளாம். "உனக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன்? ஜாலியா பின்னால உக்காரு" என்றானாம். இத்தனை ஆண்டுகளில் ஒரு சாலையில்கூட அவள் வண்டி ஓட்டியதில்லை. ஏரித்தரையோடு சரி.

போனில் கூப்பிட்டேன். "கார் விஷயமா ஒரு முடிவு எடுக்கணும். நீ வா" என்றேன்.

"கார்னா, நம்ம காரா?" என்றாள்.

முட்டி

அக்கா அவர்கள் வீட்டுக் காரின் பின்சீட்டிலிருந்துதான் வந்து இறங்கினாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மெதுவாக நீட்டி ஊன்றி இறங்கினாள்.

கூடத்துக்குள் வந்ததும் காரைப் பார்த்து நின்றாள். நான் எதிர்பார்த்ததுபோல அழவில்லை. பெரிதாகச் சிரித்தாள்.

"அப்பா என்னமா பாத்துகினாரு இத! வெயில் படாம, காத்துப் படாம!" என்றாள். "நம்மளயும் அப்படித்தானடா வெச்சிருந்தாரு."

பாய் தன் வீடியோக்களை எல்லாம் காட்டினார். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளாகும் பாய்?"

"ஒண்ணரை வருஷம்க்கா. ஜல்தியா பண்ணா ஒண்ணேகால்."

"முடிஞ்சதும் நீதான் ஓட்டற. மதகுலேர்ந்து நம்ம தெருவுக்கு" என்றேன் நான். அவள் மறுக்கக் கூடாது என்று வேகமாகவே சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு புடவைக்கு மேலாகத் தன் இடது முட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"இதுக்குத் தைலம் இன்னா, மாத்திரை இன்னா, நீதானடா மாசா மாசம் அனுப்பற? இந்த முட்டி கிளட்ச்ச மிதிக்குமா? மடங்கவே மாட்டேங்குது."

மருந்தை அனுப்புகிறவன் நான். அட்டையின் மேல் பெயர் எழுதி, காலை, இரவு என்று குறித்து அனுப்புகிறவன். என் நினைவில் காரில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்த முட்டி இல்லை.

அக்கா காரைச் சுற்றி நடந்தாள். ஓட்டுநர் கதவின் கைப்பிடியை அழுத்தினாள். திறந்தது. ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்தது.

"பாய், ஓட வேணாம். உருளணும்னா இன்னா வேணும்?"

"உருளவா?" பாய்க்கு ஏமாற்றம். "நாலு டயரு, பேரிங், கொஞ்சம் கிரீஸ். அவ்ளோதான்க்கா."

"அப்போ உருளட்டும். வேலூர்க்காரருக்கே கொடுத்துடலாம். எங்கேயோ ஒண்ணு ஓடட்டும்."

சரி என்றேன். அன்று கடைக்குப் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த அலமாரியை மறுபடி அடுக்கினேன்.

நாலு பேர் பார்த்தார்கள்

வேலூர்க்காரர் அனுப்பிய லாரி எங்கள் தெருவுக்குள் நுழையாது. குறுகலான தெரு, தாழ்வான கம்பிகள் வேறு. மதகருகே நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை காரைப் பாய் தன் குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்னால் இரும்புக் கம்பியால் பிணைத்து இழுத்துவருவதாக ஏற்பாடு.

கார் பகல் வெளிச்சத்துக்கு வந்தது. பாய் தன் வண்டியில் ஏறுமுன் சொன்னார்: "சார், நீங்க ஸ்டியரிங் புடிங்க. வளைவுல திருப்பணும். பிரேக் பத்தி கவலப்படாதீங்க, நான் நின்னா அதுவும் நிக்கும். கிளட்ச், கியர் ஒண்ணும் வேணாம்."

கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"தள்ளுடா" என்றாள் அக்கா.

வழியனுப்ப வந்திருந்தவள் அவள். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதை என் கையில் கொடுத்துவிட்டு, இடது காலை நீட்டியபடியே உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். நான் சுற்றிவந்து இடது சீட்டில் ஏறினேன். அப்பாவின் இடம். காலடியில் தளமே இல்லை. பாய் ஒரு பலகையைக் குறுக்கே போட்டுக் கொடுத்தார்.

"போலாமாக்கா?"

"போ பாய்!"

கார் அசைந்தது. அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். இறுக்கமாக அல்ல; எனக்குத் தெரிந்த அதே பிடி.

பத்து வீடு தாண்டவில்லை, நிற்க வேண்டியதாயிற்று. எதிரே சரோஜா வீட்டுப் பாவு. தறியில் ஏற்றப்போகும் பட்டிழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய பாவைத் தாண்டி எங்கள் தெருவில் எந்த வண்டியும் போகாது. சுருட்டி முடிக்கும்வரை நிற்க வேண்டும்.

சரோஜா, என் அக்காவோடு பள்ளிக்கூடம் போனவள். இழையைக் கையில் பிடித்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏய், வசந்தாவா? நீயா ஓட்டற?"

"ஆமா! நீ ஜல்தியா சுருட்டு. எவ்ளோ நேரம் நிக்கறது?"

"அடியம்மா, அதிகாரத்தப் பாரு!"

"ஹாரன் அடிப்பேன்!"

"எங்க, அடி பாக்கலாம்!"

அக்கா ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாம்! பாம்!" என்று கத்தினாள். பாவின் இரு பக்கமும் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "இழை ஆடுது, சிரிக்காதீங்க!" என்று சரோஜாவின் வீட்டுக்காரர் அதட்டினார். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நாலு பேர் அல்ல. தெருவே பார்த்தது. அக்கா எல்லாரையும் நிதானமாக, ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள்.

பாவைச் சுருட்டி, ஓரமாக எடுத்துக்கொண்டு, சரோஜா கையை நீட்டி வழிவிட்டாள். அக்கா தலையசைத்தாள்.

மறுபடி நகர்ந்தோம். நான் குனிந்து பார்த்தேன். பலகைக்கு இரு பக்கமும் துரு தின்ற ஓட்டை வழியாகத் தெரு ஓடியது. ஒரு கோலத்தின் விளிம்பு போயிற்று. யார் வீட்டுச் சாயத்தண்ணீரோ, சிவப்பாக ஒரு கோடு போயிற்று. அறுந்து விழுந்த இழைத்துண்டு ஒன்று மண்ணில் மின்னிவிட்டுப் போயிற்று. அக்காவிடம் காட்டலாமென்று நிமிர்ந்தேன். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டவில்லை.

தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அக்கா வலது கையை ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்டினாள், அப்பா சொல்லிக்கொடுத்தபடி. பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பியதே தெரியவில்லை.

மதகில் பாய் நிறுத்தினார். கம்பியைக் கழற்றிவிட்டுத் தன் வண்டியை ஓரமாக எடுத்துக்கொண்டார். லாரி பின்பலகையைச் சரித்துக் காத்திருந்தது. லாரிக்காரர் வடத்தை இழுத்துவந்து காரின் அடியில் மாட்டினார். பொத்தானை அழுத்தினால் அதுவே காரை மேலே இழுத்துக்கொள்ளும். ஆள் தேவையில்லை.

நான் இறங்கிக் காரின் முன்புறமாகச் சுற்றிவந்தேன். பானெட்டுக்கு எதிரில் நின்றேன். அக்கா இறங்கவில்லை.

"அக்கா, வந்தாச்சு" என்றார் பாய்.

"பாய், மேல ஏத்தற வரைக்கும் ஸ்டியரிங் புடிக்க ஆள் வேணும் இல்ல?"

லாரிக்காரர் வாயைத் திறந்தார். பாய் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணும்க்கா" என்றார். "நேரா புடிங்க. இல்லன்னா கோணிக்கும்."

வடம் இறுகியது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நகரும்படி எனக்குச் சைகை காட்டினாள்.

நான் வழிவிட்டேன்.